டோட்சேயின் கோபத்தில் ஏறிய காற்று

டோட்சேக்குக் கோபம் வந்தால் கானா நாட்டின் அன்லோகா லாரி நிலையத்தில் நிற்கிற வண்டிகளின் டயர்களில் காற்று ஏறும். முதலில் அவர் பக்கத்தில் நிற்கிற வேனுக்கு, அப்புறம் அதற்கடுத்ததற்கு, கோபம் அடங்காவிட்டால் உப்பளச் சாலைத் திருப்பம் வரைக்கும். எந்த வண்டி தலைநகர் அக்ராவுக்கு, எது ஹோ நகருக்கு என்று வரிசை போட்டு, கூவி, ஆளேற்றி அனுப்புவது அவருடைய வேலை. அந்த வேலையில் கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கழுத்து நரம்பு புடைக்கும், காது சிவக்கும், வாயிலிருந்து ஓட்டுநரின் பரம்பரை வரிசையாக வெளியே வரும். ஓட்டுநரோ குனிந்து தன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்று கிளம்பிப் போவான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதல் நாள் மட்டும் வாயைப் பிளந்தார்கள். மறுநாள் அவர்களும் தங்கள் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கோபம் தானாக வராத நாட்களில் அதை வரவழைக்க ஆட்கள் இருந்தார்கள். ஓட்டுநர்களில் யாவோவி அதில் கைதேர்ந்தவன். "அண்ணே, வயிறு இறங்கியிருக்கே, எத்தனாவது மாசம்? அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பான், அவனுடைய பின்சக்கரங்கள் இரண்டும் நிமிர்ந்துவிடும். பள்ளிக்கூடக் கால்பந்துகள், மீனவர்களின் ரப்பர் மிதவைகள், ஒருமுறை சவ ஊர்வலத்துக்கு வந்திருந்த பலூன்கள் என எல்லாம் டோட்சேயின் புண்ணியத்தில் உப்பின. இதனால் நஷ்டப்பட்டவன் அக்பெக்கோ ஒருவன்தான். பஞ்சர் ஒட்டிக் காற்றடிக்கும் அவனுடைய இயந்திரம் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது, மேலே கோழி அடைகாத்தது. டோட்சேக்கோ பெருமை தாங்கவில்லை. அவருடைய அண்ணன் கொம்லா இதே வயதில், ஒரு நாளும் தலைவலி என்று சொல்லாதவர், குளியலறை வாசலில் ஒரு காலை வைத்தபடி செத்துப்போனார். குடும்பம் கூடிப் பேசி, அது ஓர் அத்தையின் சூனியம் என்று முடிவெடுத்தது. அத்தை அதன்பிறகு விசேஷங்களுக்கு வருவதில்லை.

ஆரோக்கிய நிலையத்து நர்ஸ் டெலாலி ஒரு நாள் லாரி நிலையத்தில் மேசை போட்டு எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். டோட்சேயின் கையில் பட்டையைச் சுற்றினாள். அவள் ரப்பர் பந்தை அமுக்குமுன்பே பட்டை தானாக உப்பியது. அவரை முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய உட்காரவைத்து, வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே முள் இறங்க மறுத்தது. மறுநாளும் பார்த்தாள், அதே கதை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே சிஸ்டர். மயக்கமில்ல, தலைவலியில்ல. யானை மாதிரி இருக்கேன்."

"அதாண்ணே இதோட குணம். ஒண்ணும் பண்ணாத மாதிரி கூடவே இருக்கும். ஒருநாள் மொத்தமா பண்ணிடும்."

"டயர்ல காத்து ஏறுதே, அது?"

"அதைப் பத்தி எங்க படிப்புல ஒண்ணும் வரல. மாத்திரைய தெனம் போடுங்க. நல்லா இருக்குன்னு தோணினாலும் போடுங்க. உப்பைக் குறைங்க."

உப்பைக் குறைப்பது என்றால் அன்லோகாவில் லேசான காரியமில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே உப்புநீர் ஏரி. வெயில் காய்ந்தால் கரை வெள்ளையாகிவிடும். டோட்சேயின் மனைவி எசினாம் வெண்டைக்காய்ச் சாற்றில் கருவாட்டை நிறுத்தினாள், மசாலாக்கட்டியை நிறுத்தினாள், உப்பைச் சிட்டிகையாக்கினாள். சேதி பரவியதும் அக்கம்பக்கத்தார் துக்க முகத்தோடு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். டோட்சே முனகிக்கொண்டே சாப்பிட்டார், காலையில் ஏரிக்கரையில் நடந்தார், மாத்திரையை விழுங்கினார். சில வாரங்களில் யாவோவி தன்னிடமிருந்த ஆகச் சிறந்த வசவைப் பிரயோகித்தும் ஒரு சைக்கிள் ட்யூப் கூட அசையவில்லை. வேப்பமரத்தடியில் கோழியை விரட்டிவிட்டு அக்பெக்கோ இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் டோட்சேயின் வாசலில் வந்து நிற்பான். "அண்ணே, மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவு அக்கறையாக அவரை அவருடைய அம்மா கூட விசாரித்ததில்லை.

ஆனால் கட்டிலில் ஒரு சிக்கல் வந்தது. டோட்சே அதை யாரிடமும் சொல்லவில்லை. எசினாமிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நவம்பர் திருவிழா நெருங்கியது. ஊர் முழுக்க வண்டிகள் வரும், காற்றுக்கு எங்கே போவது என்று ஓட்டுநர்கள் கூட்டமாக வந்தார்கள். "திருவிழா வரைக்கும் மட்டும் நிறுத்துங்கண்ணே," என்றான் யாவோவி. "அந்த மாத்திரை ஆம்பளைங்களுக்கு ஆகாதாம். ஊர்ல பேசிக்கிறாங்க." டோட்சே அவர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, அன்று மாலையே மாத்திரைகளை ஏரியில் கொட்டினார். அந்த வாரம் முழுதும் அந்தப் பக்கத்து நண்டுகள் பரம சாந்தமாக இருந்தன. கையை நீட்டினால் தாமாக ஏறி உட்கார்ந்தன. அக்பெக்கோ காலையில் வந்து கேட்டபோதெல்லாம் டோட்சே, போட்டாச்சு என்றார்.

திருவிழா அன்று வண்டிகள் கடைத்தெரு வரை நின்றன. டோட்சேக்கு வெயில், புழுதி, மேளம், வழியை அடைத்து நின்ற ஒரு பேருந்து. போதாததற்கு யாவோவி வந்து, "அண்ணே, அண்ணி ஏன் இப்பல்லாம் கடுகடுன்னு இருக்காங்க?" என்றான். அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். டயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கின. வண்டிகள் ஒரு சாண் உயர்ந்தன. சக்கரங்கள் வண்டு போல ரீங்காரமிட்டன. பிறகு ஒன்று வெடித்தது, அடுத்தது வெடித்தது, வரிசையாகக் கடைத்தெரு வரை வெடித்துக்கொண்டே போயிற்று. ஜனங்கள் வேட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். டோட்சே கத்துவதற்கு வாயைத் திறந்தார். சொல் கூழாக வழிந்தது. உதட்டின் வலது ஓரம் தொங்கியது, வலது கை தன்னுடையதல்ல என்பது போல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஊரில் ஒரு வண்டியும் இல்லை. எல்லாம் டயர் வெடித்துக் கிடந்தன. இரும்புச் சக்கரம் போட்ட ஒரே வண்டி, அக்பெக்கோ தன் இயந்திரத்தை ஏற்றித் தள்ளுகிற தள்ளுவண்டி. அவன் இயந்திரத்தை அப்படியே புழுதியில் உருட்டிவிட்டு டோட்சேயைத் தூக்கிப் போட்டான். எசினாம் தலைத்துணி அவிழ்ந்து விழ வண்டியை ஒரு பக்கம் பிடித்து ஓடிவந்தாள். பின்னால் யாவோவி அழுதுகொண்டே தள்ளினான். "செத்துத் தொலைச்சிடாதீங்கண்ணே," என்று அக்பெக்கோ மூச்சிரைத்தான். "ஊரே நமக்குள்ள பகைன்னு பேசுது. பழி என் தலையில விழும். நான் வேற நேத்துதான் இயந்திரத்துக்கு பெயின்ட் அடிச்சேன்."

டோட்சே சாகவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பி வந்ததும் டெலாலி அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வந்து ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். எசினாம்தான் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "வெட்கப்பட்டுட்டு இருந்தா நான் விதவையாயிடுவேன் சிஸ்டர். மாத்திரை போட்டா மனுஷன் கட்டில்ல பிணம். அதான் விஷயம்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒண்ணு ஒத்துக்கலன்னா இன்னொண்ணு இருக்கே. மாத்திக் குடுப்போம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க."

வார்டு சிரித்தது. சிரித்து முடிந்ததும் எதிர்க்கட்டிலில் இருந்த ஒருவர், சிஸ்டர் இந்தப் பக்கமும் கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்று மெல்லக் கூப்பிட்டார்.

டோட்சே வேலைக்குத் திரும்பினார். வலது கால் சற்று இழுத்தது. நாக்கு புரளாததால் அக்ராவை அக்கா என்றே கூவினார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் வண்டியிலும் ஏறினார்கள். காற்றுக்கு எல்லோரும் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றார்கள். யாவோவி எதிரே வந்தால் தலைகுனிந்து, ஐயா என்று கூப்பிட்டான். யாரும் அவரை வம்புக்கு இழுக்கவில்லை, யாரும் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் அவரை வாட்டியது. வெளியே பூவைப் போல நடத்தினார்கள்; அவர் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தார்.

எசினாம் இதைக் கவனித்தாள். ஒரு மத்தியானம் அடுப்பில் சோளமாவுக் களியைக் கிளறியபடி, திரும்பாமலே சொன்னாள். "உங்க அம்மா உங்களைப் பெத்தப்போ மருத்துவச்சி பாதியிலேயே எழுந்து போயிட்டாளாமே. மூஞ்சிய பாத்தா தெரியுது."

டோட்சே எழுந்து உட்கார்ந்தார். கோணலான உதட்டோடு அவளுடைய அப்பாவின் நடையைப் பற்றி ஒன்று சொன்னார், அவளுடைய அண்ணனின் பல்லைப் பற்றி இன்னொன்று சொன்னார். அவள் அகப்பையை ஆட்டிப் பதில் கொடுத்தாள். சட்டியில் களி சற்றே உப்பி எழுந்தது, மூடி நகர்கிற அளவுக்கு மட்டும்.

அடுத்த முறை டெலாலி அழுத்தம் பார்த்தாள், நன்றாக இருந்தது. களியைப் பற்றிச் சொன்னார்கள். "அந்தக் கொஞ்சம் எல்லாருக்கும் இருக்கும்ணே. அதுவும் இல்லன்னா ரத்தம் எப்படி ஓடும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் மத்தியானத்துக்கு இருவருக்கு மாவு போடுவார்கள், திட்டிக்கொள்வார்கள், மூன்று பேருக்குக் களி இருக்கும். அந்த மூன்றாவது பங்கை அக்பெக்கோ வந்து சாப்பிடுவான். உப்பில்லை என்று குறை சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, காற்றடிக்கப் போவான்.