வழுக்காத வழுக்குமரம்

எங்கோ ஓர் ஊரில் சடுகுடு பார்க்கப் போன பெரிய உத்தியோகஸ்தர் ஒருவருக்கு முன்பல் போயிற்றாம். பல் அவருடையது, சட்டம் விடிந்தது எங்கள் தலையில். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டில் சர்க்கார் ஒரு சட்ட விளம்பரம் போட்டது. பொது இடத்தில் எந்த விளையாட்டு நடந்தாலும் அதற்கு ஓர் உத்தரவாதி வேண்டும். யாருக்காவது அடிபட்டால் போலீஸ் அந்த உத்தரவாதியைப் பிடித்துக்கொண்டு போகும். ஒருவன் விழுந்தால் இன்னொருவன் உள்ளே போக வேண்டும் என்கிற இந்த யோசனை நிறையப் படித்தவர்களுக்குத்தான் வரும்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வருஷாவருஷம் வழுக்குமரம் உண்டு. நெடிய கமுகு ஒன்றை நட்டு, எண்ணெய் பூசி, உச்சியில் ஓர் ஏத்தன் வாழைக்குலையைக் கட்டுவோம். இளவட்டங்கள் ஏறுவார்கள், வழுக்குவார்கள், ஊர் சிரிக்கும். அந்த வருஷம் கமிட்டி கூடி யார் உத்தரவாதி என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஜெயில் சோறு தின்ன எனக்கென்ன ஆசையா?

கடைசியில் தேங்காய் வியாபாரி யோவான் எழுந்து, "நான் நிக்கேன்" என்றார்.

உடனே பின்வரிசையிலிருந்து அவருடைய தம்பி ரசலையன் எழுந்தார். "அந்த ஆளு நிண்ணா மரம் ஊருக்க மேல சாயும். நான் நிக்கேன்."

கூடப்பிறந்த அண்ணனை 'அந்த ஆளு' என்று சொல்லக் காரணம் உண்டு. ரசலையனின் கல்யாணத்தில் பந்தி பரிமாறும் பொறுப்பு யோவானுடையது. மாப்பிள்ளை இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோயிற்று. விஷயம் அவ்வளவுதான். இருபது வருஷமாக யோவான் மன்னிப்புக் கேட்கிறார். "பொறுப்பு ஏத்தவனுக்கு மாப்பு கிடையாது" என்று இவர் ஆள்விட்டுப் பதில் சொல்கிறார். கோயிலில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது மன்னிப்பு வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். மற்றபடி நல்ல பக்திமான்.

ஆள் கிடைத்ததில் எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. பண்டிகை சனிக்கிழமை, அடுத்த திங்கட்கிழமை ரசலையனின் ஒரே மகள் ராஜபாய்க்குக் கல்யாணம். தாயில்லாப் பெண். கோயிலுக்குள் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக இவர்தான் வேண்டும்.

"எவனாவது விழுந்து காலு ஒடிஞ்சா என்ன செய்வீரு?" என்று கேட்டேன்.

"ஒடியாது. ஒடிய விடமாட்டேன்" என்றார்.

முதல் வேலையாகக் கமுகைப் பாதியாக வெட்டினார். அதுவும் உயரம் என்று தோன்றி மறுபடி வெட்டினார். நட்ட பிறகு பார்த்தால், கொஞ்சம் எக்கினால் என் கைக்கே குலை எட்டியது. எண்ணெய் வழுக்கும் என்று சாம்பலைத் தேய்த்தார். சுற்றிலும் முழங்காலளவு வைக்கோல் பரப்பி, இறங்குகிறவர்களுக்கு வசதியாக அதன்மேல் ஓர் ஏணியை ஊன்றி மரத்தில் சாய்த்தார். ஏறுகிறவன் பின்பக்கம் சாக்கு கட்டியிருக்க வேண்டும். கூட்டம் சிரிக்கக்கூடாது, சிரித்தால் புரையேறும். புரையேறுவது அடிபடுவதில் சேருமா என்று கான்ஸ்டபிள் பொன்னுலிங்கத்திடம் கேட்டார். அவர் விளம்பரக் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "சேரும்போலத்தான் தோணுது" என்றார்.

சனிக்கிழமை ஊரே திரண்டு வந்து சத்தமில்லாமல் நின்றது. மரமேறுவதில் பேர்போன சுயம்பு பக்கத்து ஊரிலிருந்து வந்தான். மரத்தைப் பார்த்தான். "எனக்க வீட்டு நடைப்படி இதைவிட உசரம்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மற்ற பையன்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். வந்தது ஒரு பசு மட்டும்தான். அது ஒரு பக்கத்து வைக்கோலைத் தின்று தீர்த்து, குலையை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தது.

ரசலையனுக்கு மானம் போயிற்று. பசுவை விரட்டினார். "எவனும் ஏறண்டாம். நானே ஏறிக் காட்டுகேன்" என்று சாக்கைக் கட்டிக்கொண்டு இரண்டே எட்டில் ஏறி, குலையை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, மரத்தைப் பிடித்து இறங்கினால் ஆபத்து என்று ஏணியில் கால் வைத்தார். வைக்கோல்மேல் நின்ற ஏணி எங்கே நிற்கும்? சறுக்கியது. பசு தின்று காலியாக்கியிருந்த இடமாகப் பார்த்து மனிதர் விழுந்தார். கணுக்கால் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பொன்னுலிங்கம் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார். "அடிபட்டது யாரு?"

"நான்தான், ஏமானே."

"உத்தரவாதி?"

"அதும் நான்தான்."

"அப்பம் டேஷனுக்கு வாரும். இனி கோர்ட்டு வியாழக்கெழமைதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிபட்டவனையேவா பிடிப்பீரு?" என்று சத்தம்போட்டேன்.

"காயிதத்தில அதுக்கு விலக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பொன்னுலிங்கம். "ஆனா ஒரு வழி உண்டு. அடிபட்டவரு உத்தரவாதிக்கு மனசறிஞ்சு மாப்பு கொடுத்தா விட்டிரலாம்."

அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். "ஓய், ஒரு வார்த்தை சொல்லும்" என்றேன்.

ரசலையன் ஏணியைப் பார்த்தார். "ஏணியை வைக்கோலுக்க மேல நாட்டினது யாரு?"

"நீருதான்."

"ஏறதுக்கு மின்ன ஒருக்கா அசைச்சுப் பாத்தானா?"

"இல்ல."

"பின்ன எப்படி மாப்பு கொடுக்கது? பொறுப்பு ஏத்தவன்லா அவன்!"

கெஞ்சினோம். ஆளைச் சுமக்க வேண்டி வருமே என்று பொன்னுலிங்கமும் கெஞ்சினார். ரசலையன் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு கூட்டத்தில் நின்ற யோவானைக் கைகாட்டி, "இவனுக்குக் கொடுத்தா அந்த ஆளுக்கும் கொடுக்கணும். நடக்காது" என்றார்.

சபை உபதேசியார் மெல்லச் சொன்னார்: "நீரு டேஷன்ல இருந்தா, திங்கக்கெழமை பொண்ணுக்குக் கைபிடிக்கப் பெரியப்பன்தான் நிக்கணும். வேற முறை இல்ல."

ரசலையன் முகம் செத்துவிட்டது. மன்னித்தாலும் யோவானுக்கு ஜெயம், மன்னிக்காவிட்டாலும் யோவானுக்கு ஜெயம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சட்டத்துக்குப் பயந்து அடக்கிக்கொண்டேன்.

அப்போது ராஜபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பா, நீங்க டேஷனுக்குப் போங்க. நான் பெரியப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க்கிடுவேன்."

"மக்கா..."

"ஆனா என்னைக் கூட்டிக்கிட்டுப் போவ வேண்டிய பொறுப்பு உங்களுக்க. பொறுப்பு ஏத்தவனுக்கு மாப்பு கிடையாதுல்லா? நானும் உங்க மகதானே. வியாழக்கெழமை நீங்க வெளிய வந்தாலும் நான் பேசமாட்டேன். நீங்க செத்துக் கிடந்தாலும் வரமாட்டேன்."

கடையில் உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். கோயிலில் அவள் அப்பா மூடுவாரே, அதே வாய். என் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ரசலையன் அந்த முகத்தைப் பார்த்தார். இந்தப் பெண் சொன்னால் செய்வாள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மனிதர் பயந்துபோனார். கணுக்கால் ஒடிந்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

"எழுதும் ஏமானே. மாப்பு."

"யாருக்கு?"

"எனக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்க அண்ணனுக்கும்."

"அவரு இந்தக் கேஸிலயே இல்லியே."

"சேத்து எழுதும்வே!"

பொன்னுலிங்கம் குழம்பினார். பிடிக்காத ஆளை விடுவிக்கக் காகிதத்தில் வழியில்லை. "அப்பம் முதல்ல அவரைப் பிடிக்கணுமே" என்றார்.

யோவான் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார். பொன்னுலிங்கம் முறைப்படி பிடித்தார். ரசலையன் "மாப்பு" என்றார். பொன்னுலிங்கம் விட்டார். விட்ட கையோடு யோவான் குனிந்து தம்பியைக் குழந்தைபோல வாரித் தூக்கிக்கொண்டார்.

"பையத் தூக்கும்ணே, காலு!" என்று கத்தினார் ரசலையன்.

திங்கட்கிழமை ராஜபாயை அவள் அப்பாதான் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரைத் தூக்கிக்கொண்டு யோவான் போனார்.