அவளோடு வருபவர்களும்

ஹனோரா டூஹி முதலில் மேற்கு அறையைக் கேட்டாள். அப்புறம் ஒரு பசுவுக்கு மேய்ச்சல், வருஷத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கு, அடுப்புப் பக்கம் உட்காரும் உரிமை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வண்டியில் ஓர் இடம். மாலகி டூலன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தான். இருபத்தாறு வருஷமாக வக்கீல் ப்ரெண்டர்காஸ்டிடம் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தால் நிலத்தை அவன் பேருக்கு எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்கிற தாய் தன் கடைசிக்காலத்துச் சாப்பாட்டையும் கூரையையும் அதே பத்திரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெற்ற பிள்ளையிடமா பத்திரம் என்று இந்தப் பக்கத்தில் யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. மருமகள் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வக்கீல் அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தார். வரைவு எழுதி வைப்பது மாலகியின் பொறுப்பு. சொன்னதை எழுது, கதை கேட்காதே என்பது வக்கீலின் உத்தரவு. ஆனால் மாலகிக்குக் கதை கேட்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது அவனுக்கு அந்த வீட்டுக்காரிக்கு முன்பே தெரிந்துவிடும். ஆகவே பேனா ஒரு பக்கம் ஓட, கண் மேஜைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. ஹனோராவின் பக்கத்தில் மகன் மார்ட்டின், கழுத்துப்பட்டை இறுக்கிய சிவந்த முகத்தோடு. எதிரே பெண்ணின் தகப்பன் மைல்ஸ் கீலி. முன்பே பேரம் பேசி ரெண்டு பசு மேய்ச்சலை ஒன்றாகக் குறைத்த பெருமை இன்னும் அவர் முகத்தில் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் மகள் டீலியா, கையுறைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“இன்னொண்ணு எழுதணும்,” என்றாள் ஹனோரா. “என் மக பிரிஜெட் திரும்பி வந்தா அந்த மேற்கு ரூம்ல தங்கிக்கலாம்னு.”

மார்ட்டின் தலையைக் குனிந்துகொண்டான். பிரிஜெட் அமெரிக்காவுக்குக் கப்பலேறி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு கடுதாசி கிடையாது. செத்திருப்பாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான், பாதி ஊரும் அப்படித்தான். கீலி பெரிய மனசு பண்ணுகிறவர் போலக் கையை விரித்தார். வராத பெண்ணுக்கு அறை கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லையே.

மாலகி எழுதினான். முற்றுப்புள்ளி வைக்கப் போனபோது ஹனோரா மேஜைமேல் விரலை வைத்துத் தடுத்தாள்.

“அவளும், அவளோட வர்றவுங்களும்னு எழுதுப்பா.”

மாலகியின் பேனா நின்றது. எத்தனையோ தாய்மார்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கோழிக்கூண்டு, பின்வாசல் சாவி, சாவுச் செலவுக்கு ஒரு பன்றி. இதை யாரும் கேட்டதில்லை. யாரோடு வருவாள்? புருஷன் என்றால் புருஷன் என்றே சொல்லியிருப்பாளே. அவன் மனசு விறுவிறுவென்று பின்னால் ஓடிக் கணக்குப் போட்டது. பிரிஜெட் கப்பலேறிய மாதம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போன விதம், அன்று வழியனுப்பு விருந்துகூட வைக்காத வீடு. ஆர்வம் நெஞ்சை முட்டியது. உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கீலியும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“யாரு வர்றவுங்க?”

மார்ட்டின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது மாலகிக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்து, இல்லாவிட்டால் சம்பந்தமும் வேண்டாம் சீதனமும் கிடையாது என்று கீலி தொப்பியை எடுத்துக்கொண்டார். சீதனம் வராவிட்டால் நிலத்துக் கடன் அடையாது, மார்ட்டினுக்கு வேறு பெண்ணும் கிடைக்காது. ஹனோராவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? மேஜைமேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

“எத்தனை வயசு இருக்கும், அத்தை?”

டீலியாதான். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அவள் குரல் இவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று மாலகி எதிர்பார்க்கவில்லை.

ஹனோரா அவளையே பார்த்தாள். ஒன்பது வருஷமாகப் பாதிரியாரிடம் தவிர யாரிடமும் திறக்காத வாய்.

“இந்த அறுவடைக்கு ஒன்பது முடியுது,” என்றாள். “ஆணா பொண்ணான்னு தெரியாதும்மா.”

மார்ட்டின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கீலி கதவருகே போய் நின்று, “டீலியா, எந்திரி,” என்றார். தெருவில் சந்தைக்கு வந்த மாடுகள் கத்திக்கொண்டு போயின.

மாலகி விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தான். மை காய்வதற்கு முன் தாளை மெதுவாக டீலியா பக்கம் திருப்பி வைத்தான். வரைவில் பெண் கையெழுத்துப் போடும் வழக்கமே கிடையாது, அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல், வலது கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்ற ஆரம்பித்தாள்.