தபால்காரியைப் பின்தொடர்ந்த பழங்கள்

தபால்காரி கர்ப்பமாகி மூன்றாம் மாதம் தொடங்கிய செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கடைத்தெருவில் இருந்த நல்ல பழங்கள் எல்லாம் தட்டுகளை விட்டு இறங்கி அவள் பின்னால் நடந்தன. நடந்தன என்பது பேச்சுக்குச் சொல்வது. ஆரஞ்சும் ஆப்பிளும் உருண்டன, மாதுளை குடுமி இடிக்க இடிக்கத் தத்தியது, வாழைப்பழம் சீப்போடு புரண்டு வந்தது, திராட்சை கொத்துக் கொத்தாக ஊர்ந்தது. ஓர் அன்னாசி மட்டும் கொண்டை தடுத்ததால் நேராக உருள முடியாமல் வட்டமடித்து வட்டமடித்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அன்று லேசான தூறல். பேருந்துகள் நேரத்துக்கு ஓடின. நீதிமன்றத் தெருவில் அவள் திரும்பியபோது பின்னால் வந்த ஒருவர், "ஏங்க, உங்க பை கிழிஞ்சிருச்சு போல, பாத்துக்குங்க" என்றார். அவள் பையைத் தடவிப் பார்த்தாள். பையில் கடிதங்கள்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தவள், நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்ற பழங்களைக் கண்டு முகம் வெளுத்து, மீதமிருந்த பதினேழு கடிதங்களையும் ஓட்டமும் நடையுமாகக் கொடுத்து முடித்தாள். அவள் ஓடினால் அவையும் ஓடின. அவள் நின்றால், இரண்டடி தள்ளி, மரியாதையாக நின்றன.

பழம் என்றால் அவளுக்கு ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்துபோயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு, கடிதம் வாங்கிய ஒரு வீட்டில் வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அன்னாசித் துண்டுகளை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்; அவள் மூன்று துண்டு சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என்னம்மா சாப்பிட்ட?" தபால்காரி சொன்னாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே தீர்ப்பு என்று தபால்காரி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் பழம் நுழையவில்லை. ஆப்பிள் படம் போட்ட நாட்காட்டி சுவரைப் பார்த்துத் திரும்பியது, எலுமிச்சை வாசனை சோப்பு வேறு சோப்பானது. வேலைக்குப் போன இடத்தில் யாராவது பழம் நீட்டினால் பல்வலி என்று சொல்லிவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு இதெல்லாம் தெரியாது. எந்த மாடியில் எந்த லிஃப்ட் என்ன சத்தம் போடுகிறது என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்வான். வீட்டில் இரண்டு பெண்கள் எதைப் பேசாமல் இருக்கிறார்கள் என்பது அவன் காதில் விழுந்ததே இல்லை.

மறுநாளும் பழங்கள் வந்தன. அதற்கு மறுநாளும். பழக்கடைக்காரருக்கு ஊரில் அரைக்கிலோ என்று பெயர்; யார் எவ்வளவு கேட்டாலும் முதலில் அரைக்கிலோதான் நிறுப்பார். அவர் தள்ளுவண்டியோடு வந்து சாயங்காலம் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போவார், காலையில் அவை தாமாகவே திரும்ப வரும். முதலில் கொஞ்சம் கோபப்பட்டார். பிறகு உற்றுப் பார்த்தார். பார்த்தால், அவள் பின்னால் எல்லாப் பழமும் போவதில்லை. பச்சைப் பப்பாளி தட்டைவிட்டு அசையவில்லை. வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த தர்பூசணி ஈக்களோடு அங்கேயே இருந்தது. வெளியே பளபளவென்றிருந்த ஓர் ஆப்பிள் பத்தடி உருண்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, சாக்கடை ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பிளந்து பார்த்தால் உள்ளே அழுகல். அரைக்கிலோ தன் கடையின் பெருமை இப்படித் தெருவில் வெளிப்படுவதை முதலில் விரும்பவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஜனங்கள் தபால்காரி வரும் நேரம் பார்த்துக் கடைக்கு வந்தார்கள். எது கிளம்புகிறதோ அதைப் பிடித்து வாங்கினார்கள். "போறதைக் குடுங்க, இருக்கிறது வேண்டாம்" என்பது அந்தத் தெருவில் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

தபால் நிலையத்தில் கொஞ்சம் சிக்கல் வந்தது. கடிதம் பிரிக்கும் சார்ட்டிங் அறையின் வாசலில் காலையில் சாத்துக்குடிகள் வரிசையாக நின்றதால் மூட்டை தூக்குபவர்கள் இரண்டு முறை வழுக்கினார்கள். போஸ்ட்மாஸ்டர் கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். பழங்கள் பணியாளருடன் அலுவல் நேரத்தில் செல்வதற்கு விதியில் இடமில்லை, தடையும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அவை பதிவுத் தபாலா, சாதாரணத் தபாலா என்று தெளிவுபடுத்தும்படி பதில் வந்தபோது குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

தபால்காரி தன் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவது வாரத்தை நாள் நாளாக எண்ணினாள். மசக்கை வேறு. ரொட்டி, தேநீர், உப்புப் போட்ட கஞ்சி, இவ்வளவுதான் உள்ளே போயிற்று, அதிலும் பாதி வெளியே வந்தது. வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. சட்டை தோளில் தொங்கியது. பத்தாவது வாரம் ஒன்றும் ஆகாமல் கடந்துபோயிற்று. அதை நம்பப் பயந்து அவள் இன்னும் குறைவாகச் சாப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பழங்கள் படிக்கட்டில் காத்திருக்கும். அவள் திரையை இழுத்துவிடுவாள். நாத்தனார் சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரி போட்டுவிட்டு, வியர்த்த முகத்தோடு வந்து, படிக்கட்டில் காலை வைக்க இடம் தேடி, எதையும் மிதிக்காமல் மேலே ஏறி, "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே தபால்காரி கஞ்சி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பதினோராவது வாரத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடிக்குப் பதிவுத் தபால் கொண்டுபோனபோது, மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. பின்பக்கமாகச் சாய்ந்தாள். கடிதத்துக்காக மேலே கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த தையல்காரர் பார்த்ததைப் பிறகு பலமுறை சொன்னார், ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை: கீழே இருந்த ஆரஞ்சுகள் படிக்கு ஒரு துள்ளலாக ஏறி வந்து, அவள் விழுவதற்குள் அவளுக்கு அடியில் மெத்தைபோல் குவிந்துகொண்டன. தலைக்குக் கீழே இரண்டு சாத்துக்குடி. அன்னாசி மட்டும், முள் குத்திவிடுமோ என்று, ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. தையல்காரர் அவள் கையிலிருந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பிறகு தண்ணீர் கொண்டுவந்தார். அவசரக் கடிதம் என்பதால் அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சேதி சலவை நிலையத்துக்குப் போயிற்று. நாத்தனார் இஸ்திரியை அணைத்துவிட்டு ஓடிவந்து, அவளை ஆட்டோவில் ஏற்றி மகப்பேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். பழங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் சிக்னலில் நின்று நின்று வந்தன. காத்திருக்கும் அறையில் நாற்காலிகளுக்கு அடியில் போய் அமைதியாக இருந்துகொண்டன. பெண் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது, அம்மாதான் மூன்று கிலோ குறைந்திருந்தாள். டாக்டர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "பழம் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஆப்பிளைப் பார்த்தார்.

"பயமா இருக்கு டாக்டர்" என்றாள் தபால்காரி.

"எதுக்குப் பயம்? ஓடுற தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, சோப்பு வேண்டாம். தோல் சீவுற பழமா இருந்தாலும் கழுவிட்டுதான் கத்தி வைக்கணும். அடிபட்ட இடத்தை வெட்டிப் போடுங்க. பச்சைப் பப்பாளி வேண்டாம், கடையில வெட்டி வெச்சது வேண்டாம், ரோட்டோர ஜூஸ் வேண்டாம். ஒரேயடியா ஒரு கூடை தின்னாதீங்க, சர்க்கரை ஏறும். மத்தபடி தாராளமா சாப்பிடலாம்."

"அன்னாசி?"

"பழுத்ததா நாலு துண்டு சாப்பிட்டா என்ன?"

தபால்காரி அப்போது சொல்லிவிட்டாள். இரண்டு வருடம், மூன்று துண்டு, மூன்று நாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சொல்லும்போது நாத்தனார் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அது உங்களால இல்லம்மா. அந்த வாரத்துல கலையுறது பெரும்பாலும் கரு சரியா உருவாகாததாலதான். நீங்க சாப்பிட்ட மூணு துண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க படி ஏறினதுக்கும் இல்ல. யாராவது சொன்னாங்களா உங்களால்தான்னு?"

"யாரும் சொல்லல" என்றாள் தபால்காரி.

அதற்குப் பிறகு நாத்தனார் ஒரு கேள்வி கேட்டாள். மிகவும் தணிந்த குரலில், ரசீதில் ஏதோ சரிபார்ப்பதுபோலக் கேட்டாள். "இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாடின்னாலும் அப்படித்தானா டாக்டர்? திராட்சைன்னாலும்?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "அப்பவும் அப்படித்தான். திராட்சைன்னாலும் அப்படித்தான்" என்றார்.

நாத்தனார் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புருஷனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொதுவாக ஒரு பேச்சு இருந்தது. ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை சாப்பிட்டாள் என்பதும், மறுவாரம் அவளுக்கும் கலைந்துபோயிற்று என்பதும், அதற்காகப் புருஷன் வீட்டில் ஒரு வருடம் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவளைக் குத்திக்காட்டினார்கள் என்பதும் அன்று மருத்துவமனை வராந்தாவில்தான் வெளியே வந்தது. அதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னதும் எனக்கு என் நெனப்பு வந்துருச்சு. அதான் கண்ணை மூடினேன். உன்னை நான் ஒரு வார்த்தை திட்டலையேம்மா" என்றாள் நாத்தனார்.

"திட்டியிருந்தாத் தேவலையா இருந்திருக்கும் அண்ணி."

நாத்தனார் எழுந்துபோய், வராந்தாக் கோடியில் அப்போதுதான் வட்டமடித்து வந்துசேர்ந்த அன்னாசியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

வீட்டில் அதைக் கழுவினாள். டாக்டர் ஓடுகிற தண்ணீர் என்று சொன்னதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மாடித் தொட்டி காலியாகி, மேல்வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்துச் சத்தம்போடும்வரை கழுவினாள். பிறகு கத்தியைக் கழுவினாள், பலகையைக் கழுவினாள். கொண்டையை அரிந்து, தோலைச் சீவி, ஒவ்வொரு கண்ணாகத் தோண்டி எடுத்து, வட்டம் வட்டமாக வெட்டி வைத்தாள். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நீ முதலில் என்றாள் ஒருத்தி, நீங்கள் முதலில் என்றாள் மற்றவள். கடைசியில் ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். இனிப்பாகத்தான் இருந்தது, கொஞ்சம் நாக்கு அரித்தது. லிஃப்ட் மெக்கானிக் கிரீஸ் கையோடு உள்ளே வந்தபோது அக்காவும் மனைவியும் அழுதுகொண்டே அன்னாசி தின்றுகொண்டிருந்தார்கள். "என்ன ஆச்சு?" என்று பதறினான். "ஒண்ணும் ஆகல. கையைக் கழுவிட்டு வா" என்றாள் அக்கா. அவன் கழுவப் போனான். குழாயில் தண்ணீர் வரவில்லை.

மறுநாளிலிருந்து தபால்காரி வீட்டில் தினமும் பழம் இருந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சில நாள் மூன்று. படிக்கட்டில் நிற்பவற்றில் எதை எடுப்பது என்று நாத்தனார் பார்ப்பாள்; எடுத்ததற்கு அரைக்கிலோவிடம் சொல்லிவிடுவாள், எடுக்காதது வெளியே காத்திருக்கும். வயிறு இளகியது, சட்டை தோளில் பொருந்தியது, பிறகு பொருந்தாமல் போய்ப் பெரிய சட்டை தைக்கவேண்டி வந்தது. நான்காவது மாடித் தையல்காரரே தைத்துக் கொடுத்தார். பெண் குழந்தை பிறந்தது; மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுகைச் சத்தம் பலமாக இருந்ததாக வராந்தாவில் நின்றவர்கள் சொன்னார்கள். அந்த நிமிடமே பழங்கள் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பிக் கடைத்தெருவுக்குப் போய்த் தட்டுகளில் ஏறிக்கொண்டன.

பழங்களை அப்படி விட்டுவிட ஊருக்கு மனசு வரவில்லை. பழங்களுக்கும் வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த மாதமே வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி பின்னால் நான்கு பேரிக்காய் கிளம்பியது. அவளுக்கே அப்போது விஷயம் தெரியாது. அதற்குப் பிறகு ரொட்டிக் கடைக்காரரின் மகள், பள்ளிக்கூட டீச்சர், ஒரு பேருந்து ஓட்டுநர். நடைபாதையில் சாக்கடை மூடிகளின் ஓட்டை எலுமிச்சை விழாத அளவுக்குச் சிறியதாக மாற்றப்பட்டது. பேருந்து ஓட்டுநர் விஷயத்தில் தர்பூசணிகளை முன்வாசல் வழியாக ஏற்றுவதா, பின்வாசல் வழியாகவா என்று ஒரு வாரம் பேச்சு நடந்து, பின்வாசல் என்று முடிவானது. இப்போதெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை, வழிவிடுவதோடு சரி.

போன வாரம் ஒரு புதுப்பெண், இந்த ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகாதவள், தனக்குப் பின்னால் இரண்டு மாதுளை வருவதைக் கண்டு சலவை நிலையத்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். "பயப்படாதம்மா, நல்ல சேதிதான்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பழத்தை எடுக்கக் குனியப் போனாள். "நீ குனியாத, நான் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி, இரண்டையும் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.