பசை காய்வதற்குள்

பச்சைச் சாயத்தில் ஊறி வெயிலில் காய்ந்த ஸ்பாஞ்சுத் துண்டுகளை மிக்சி ஜாரில் அடைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் குமிழைத் திருப்பினாள். அந்த மிக்சிக்கு இருபது வயதுக்கு மேல். ஓட ஆரம்பித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஸ்பாஞ்சு லேசான சாமான் என்பதால் பிளேடுக்குப் பிடி கொடுக்காமல் மேலேயே நின்றது. நிறுத்தி, கரண்டிக் காம்பால் கீழே தள்ளி, மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

அவசரம். கூடத்தில் பொம்மை ரயிலுக்காகச் செய்த மலையின் சரிவு முழுக்கப் பசை தடவிவிட்டு வந்திருந்தாள். மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பூசியது. அது ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தூளைத் தூவ வேண்டும். காய்ந்துவிட்டால் புல் பிடிக்காது. மலை சொறிநாய் முதுகு மாதிரி ஆகிவிடும். "பசை யாருக்கும் காத்திருக்காது, மேஸ்திரி" என்று கட்டிலில் படுத்தபடியே கணவர் அவளைச் சீண்டி ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். தூளை முதலில் தயாராக வைத்துக்கொண்டு பிறகு பசையைத் தொடுவதுதான் முறை. டப்பாவில் தூள் இருக்கிறது என்ற நினைப்பில் இன்றைக்கு முந்திவிட்டாள். திறந்து பார்த்தால் ஒரு பிடிகூட இல்லை.

நிறுத்தித் தள்ளுகிற இடைவெளியில் கூடத்திலிருந்து டிங், டிங் என்று கேட்டது. ஸ்பூனால் டம்ளரைத் தட்டுகிறார். நாலு மாதமாக அதுதான் அவருடைய குரல். நுரையீரல் சுருங்கிப்போனதில் பேச்சு பக்கத்தில் இருந்தால் மட்டும் கேட்கிற காற்றாகத்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டுவார், தலையணை சரிந்தாலும் தட்டுவார், அவள் வேலையில் சுணங்கினாலும் தட்டுவார்.

"பசை காயுதுன்னு எனக்கும் தெரியும்! ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா? உங்க மலை எங்கயும் ஓடிப்போயிடாது!"

கத்திவிட்டுக் குமிழைத் திருப்பினாள். அதன்பிறகு மூன்று தடவை ஓட்டினாள். தூள் நன்றாகத்தான் வந்திருந்தது. தட்டில் கொட்டிக்கொண்டு, "இந்தாங்க உங்க புல்லு" என்றபடி கூடத்துக்கு வந்தாள்.

டம்ளர் ஸ்டூலின் மேல் இருந்தது. ஸ்பூன் தரையில் கிடந்தது. அவர் சமையலறைக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கண் திறந்திருந்தது. மூக்கில் குழாய் இருந்தது. ஆக்சிஜன் இயந்திரம் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை.

அவள் குனிந்து முதலில் ஸ்பூனைத்தான் எடுத்தாள். துடைத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்னங்க" என்றாள். பிறகு தோளைப் பிடித்து, "என்னங்க" என்று வீடே அதிரக் கூப்பிட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டவர் அவர். உடைந்த கை கால்களோடு வருகிறவர்களைச் சிரிக்க வைத்தபடியே கட்டி முடித்துவிடுவார். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மாவுக்கட்டு" என்றால்தான் திரும்புவார். ஓய்வு பெற்ற வருஷம், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பொம்மை ரயிலும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கி அனுப்பினாள். ரயில் வந்ததும் அதற்கு ஓர் ஊர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு பழைய அலமாரிக் கதவைப் படுக்கப் போட்டார். செய்தித்தாளைக் கசக்கிக் குவித்து, ஆஸ்பத்திரியில் தேதி கடந்துவிட்டது என்று ஒதுக்கிய மாவுக்கட்டுத் துணியை நனைத்து மேலே போர்த்தினார். அரை மணியில் மலை. குடித்த டீயின் சக்கையைக் காயவைத்து மண். காய்ந்த செடியின் வேரைத் தலைகீழாக நட்டால் மரம். பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்து விரித்தால் புதர்.

கடையில் எல்லாமே கிடைக்கும். ஆனால் அவர் ஒரு புல்கூட வாங்க மாட்டார். "காசு குடுத்து வாங்கினா அது கடைக்காரன் ஊரு" என்பார். தெருமுனையில் யாராவது பழைய மெத்தையை எறிந்துவிட்டால் போதும், ஸ்பாஞ்சுக்காகக் கத்திரிக்கோலோடு கிளம்பிவிடுவார்.

"குப்பைத்தொட்டிக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"அங்க ரயில் ஓடாது."

படுக்கையில் விழுந்த பிறகு அவர் சொல்ல, அவள் செய்தாள். அவள் தையல் வேலை செய்பவள். கை வேலை நறுவிசாக இருக்கும். அவர் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளைக் கத்தரித்து வீடுகளுக்குத் தகரக் கூரை போட்டாள். நோய் ஏற ஏற ஊரில் வீடுகள் கூடின. அதை நினைத்து இருவரும் ஒருநாள் சிரித்துமிருக்கிறார்கள்.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட நாளில் அவர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாவுக்கு நான் பயப்படல. ஆஸ்பத்திரியில, யாராவது வருவாங்கன்னு கதவையே பாத்துக்கிட்டுத் தனியா போனவங்கள நெறைய பாத்திருக்கேன். அது மட்டும் வேணாம். அந்த நேரத்துல நீ பக்கத்துல இரு."

"நான் எங்க போகப்போறேன்" என்றாள் அவள்.

போகவும் இல்லை. தையல் மெஷினைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ராத்திரி கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாள். அஞ்சு நிமிஷத்தில் குளித்தாள், அதுவும் கதவைத் தாழ் போடாமல். நாலு மாதம் இப்படிக் காத்துவிட்டு, ஒரு கைப்பிடி ஸ்பாஞ்சுத் தூளுக்காகக் கோட்டை விட்டுவிட்டாள். கூப்பிட்டார். அவள் காதில் விழுந்தது. விழுந்தும் பொறுக்கச் சொன்னாள்.

மாடி வீட்டு நர்ஸ் அவள் சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தாள். நாடியைப் பார்த்து, கண்ணை மூடிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தினாள். திடீரென்று வீடு அமைதியாகிவிட்டது.

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்கா. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

அவள் தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். புகழ்கிற வாய்க்கும் அதே கதிதான். நர்ஸ் எதிர்வீட்டில் சொன்ன கதையில் அவள் அவர் பக்கத்தில் இருந்தாள். எதிர்வீட்டார் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதியம் கொழுந்தன் வந்து சேர்ந்து, வருகிறவர்களிடம் வாசலில் நின்று சொன்னபோது, "அண்ணி மடியிலதான் அண்ணன் உசுரு போச்சு" என்று ஆகியிருந்தது. "குடுத்து வெச்ச மனுசன்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கையை உதறிவிட்டு, இல்லை, நான் அந்தப் பக்கம் இருந்தேன், சத்தம் போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என் நாக்கை இழுத்து வைத்து அறுத்தால்தான் என்ன என்று உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இந்த ரயில் பலகைய உள்ள தூக்கிப் போட்டா இன்னும் நாலு பேர் உக்காரலாம்" என்றான் கொழுந்தன்.

"அதத் தொடாத தம்பி. ஈரமா இருக்கு."

அவன் விரலால் மலையைத் தொட்டுப் பார்த்தான். "எங்க ஈரம்? காஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு."

நிஜம்தான். சரிவு முழுக்கப் பசை பளபளவென்று இறுகிவிட்டிருந்தது. பச்சைத் தூள் இருந்த தட்டை யாரோ அலமாரியின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பலகையை நிமிர்த்திச் சுவரோரம் சாய்க்க வேண்டாம், படுக்கவைத்தே தூக்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நாலு பேர் தூக்கினார்கள். வழியில் இரண்டு மரங்கள் விழுந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த வயதான வார்டுபாய் அவற்றைப் பொறுக்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒவ்வொருத்தன் எலும்பையும் ஒட்டவெச்ச கை" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மகள் மறுநாள் காலையில்தான் வந்து சேர முடிந்தது. இரண்டு வண்டி மாறி, இரவெல்லாம் கண் மூடாமல் வந்திருந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பத்து மணிக்கு எடுத்தார்கள். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. கூடத்தைக் கழுவிவிட்டார்கள், வாடகை நாற்காலிகள் போயின, ஆக்சிஜன் இயந்திரத்தை எடுத்துப் போக ஆள் வந்தான், கையெழுத்து வாங்கினான். மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள்.

மகள் நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் பாலாவது குடிக்கட்டும் என்று அவள் அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மகள் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கடைசியா அப்பா என்ன சொன்னாரு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா சொன்னாரும்மா. உன் மடியில தலைய வெச்சிக்கிட்டு, என்னைக் கேட்டாராம். பாப்பா வந்துட்டாளான்னு கேட்டாராமே?"

இது புதிது. கதை அவளுக்குத் தெரியாமலேயே இன்னும் ஒரு முழம் வளர்ந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணில் ஒரு ஆசை இருந்தது. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாகும்வரை இவள் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுவாள். தானும் கொஞ்ச நாளில் அதை நம்பிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர் கூப்பிட்டது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் மறைத்துவிட்டால் அவர் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடும்.

"இல்ல" என்றாள். "உன்னைக் கேக்கல. என்னைக் கூப்பிட்டாரு. டம்ளரத் தட்டினாரு. நான் மிக்சி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"உனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு."

மகள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"பசை காயுதுன்னு அவசரப்படுத்துறாருன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களான்னு கத்தினேன். கத்திட்டு மறுபடி ஓட்டினேன். வந்து பாத்தா... கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு." அவள் கட்டில் சட்டத்தை விரலால் தேய்த்தாள். "பக்கத்துல இருன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அதக்கூட நான் செய்யல."

தெருவில் ஒரு வண்டி பின்னுக்கு வருகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா இத என்கிட்ட சொன்ன?" என்றாள் மகள். குரலில் கோபம் இருந்தது. "சித்தப்பா சொன்னதே எனக்குப் போதுமா இருந்துச்சு."

"வேற யார்கிட்ட சொல்லுவேன்?"

மகள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் தொடப்போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தொடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று கட்டில் சட்டத்தில் கையை ஊன்றினாள்.

"எங்கயும் போகாத" என்றாள் மகள், திரும்பாமலேயே. "இங்கயே இரு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தயங்கித் தயங்கி மகளின் கணுக்காலில் கையை வைத்தாள். மகள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, இரண்டு நாள் அசதியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். சின்ன வயதிலும் அழுதால் இப்படித்தான் தூங்குவாள்.

சமையலறையில் பால் உஸ்ஸென்று பொங்கியது. பர்னரில் வழிந்து சடசடத்தது. முதலில் பால் வாசனை வந்தது, பிறகு தீய்ந்த வாசனை. எட்டு அடி தூரம்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸ் நேராகச் சமையலறைக்குள் ஓடி அடுப்பை அணைத்துவிட்டு, கரித்துணியும் கையுமாகக் கூடத்துக்கு வந்தாள்.

"பாத்திரமே கருகிப்போச்சுக்கா! மாடி வரைக்கும் நாத்தம் வருது, உங்களுக்கு வரலயா?"

"வந்துச்சு" என்றாள் அவள் மெதுவாக. மகளின் காலிலிருந்து கையை எடுக்கவில்லை.