நாலாவது புத்தகம்

"பத்துப் புத்தகமும் எரிஞ்சு போச்சுது. நாலாவது எண்டாலும் தப்பியிருக்கலாம்" என்றார் தில்லைநாதன்.

குசினி வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த மீனாம்பிகை நிமிர்ந்தாள். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் வந்திறங்கி, கணவர் சொந்த ஊரான கரம்பொன்னுக்கு வந்து இரண்டு மாதமாகிவிட்டது. "ஓம்", "வேண்டாம்", "போதும்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை. என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை. இப்போது இரண்டு முழு வசனம். அந்தச் சந்தோசத்தில்தான் அவளுக்கு வாய் தவறியது.

"அது போனால் போகட்டும். பத்திலயும் மோசமானது அதுதான்."

தில்லைநாதன் அவளை வெறித்துப் பார்த்தார்.

தெற்கே காலி நகருக்கும் அப்பால் ஒரு சந்தியில் அவருக்குப் பலசரக்குக் கடை இருந்தது. ஆண்டுக்கு இரண்டு தரம் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் இருவருக்கும் நடுவே போய்வந்தது 'ஆதிரைக் கலம்'தான். பூமியை விட்டுப் புறப்பட்ட ஒரு விண்கப்பலைப் பற்றி மதராசிலிருந்து வந்த நாவல் வரிசை. இரண்டு ஆண்டுக்கு ஒன்று வந்தாலே பெரிது. அவர் முதலில் வாசித்து, தீர்ப்பை ஒரு கடிதத்தில் எழுதிப் புத்தகத்தோடு அனுப்புவார். மூன்றாவதில் எரிபொருள் கணக்கு அச்சொட்டாகச் சரி. ஆறாவது வெறும் இழுவை. ஏழாவதில் வேற்றுக்கிரகத்து ராசா கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து மாதிரிக் கதைக்கிறான். நாலாவதுக்கு மட்டும் இரண்டு வரி: 'இதுதான் உச்சம். கடை பூட்டின பிறகு இருந்து அழுதேன்.' அவள் வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவாள். கூடவே ஒரு பதில்: 'தாங்கள் எழுதியது முற்றிலும் சரி.' பதினெட்டு வருடமாக அதே பதில்.

"நீரும் உச்சமெண்டெல்லோ எழுதினனீர்?"

"எழுதினனான்."

"அப்ப பொய்யோ?"

அவள் இலையை உருவினாள். சுளகில் இலையைவிடக் காம்புதான் கூடுதலாக விழுந்தது. "வருசத்தில ரெண்டுதரம் வாற மனிசனோட கடிதத்தில சண்டை பிடிக்கவோ?"

"அந்தப் புத்தகத்தில என்ன பிழை?"

"கப்டன் பதினெட்டு வருசத்துக்குப் பிறகு திரும்பி வாறான். பெண்சாதி மாலையோட நிண்டு சிரிக்கிறாள். எனக்கொரு குறையுமில்லை எண்டுறாள். அவளுக்கு ஒரு சொட்டுக் கோபம் வரேல்லையே. அதை எழுதினவர் கலியாணம் செய்தவரோ தெரியேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தில்லைநாதன் எழுந்து, செருப்பையும் போடாமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதன். இருந்த ஒரு சந்தோசத்தையும் பறித்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் மனம் வரவில்லை. மகள் பிறந்ததும் தந்தி அடித்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை குப்புறக் கவிழத் தொடங்கியிருந்தது. அன்று மாமன் மச்சான் எல்லோருக்கும் முன்னால் அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

மத்தியானம் சோறு ஆறிப்போனது. அவள் மூன்று தரம் படலைவரை போய் வந்தாள். இரண்டு மணிக்கு மேல்தான் அவர் வந்தார். காலெல்லாம் கடற்கரை மண். கதிரைப் பக்கம் போகாமல் நேரே குசினிக்குள் வந்து, அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தார்.

"அப்ப அவள் என்ன சொல்லியிருக்க வேணும்?"

மீனாம்பிகை யோசித்தாள். "உடனை ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாள். சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டிருப்பாள். சாப்பாட்டைப் போட்டுக் குடுத்திட்டு, பிறகு கோப்பையைக் கழுவேக்கை ஒரு கோப்பையாவது உடைச்சிருப்பாள்."

அவர் தலையாட்டினார். 

"கப்டனையும் பிழையாத்தான் எழுதியிருக்கிறான்" என்றார் பிறகு. "நெஞ்சை நிமித்திக்கொண்டு இறங்கி வாறானாம். அப்பிடி வர ஏலாது, மீனாம்பிகை. அவன் பயந்துபோய்த்தான் வந்திருப்பான். பக்கத்துக் கடைச் சிங்கள மனிசன் என்னை ரெண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருந்தவர். இருமல் வந்தால் உடுத்திருந்த சாரத்தை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு கிடந்தனான். வெளியில எங்கட கடை எரியிற சத்தம். போத்தில்கள் வெடிக்கிற சத்தம். உம்மட பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தனான்."

அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் இருந்தாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டினாள். மண் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

"சாப்பிடுவமோ?" என்றாள்.

"பொறும். மூண்டாவது எப்பிடி? உண்மையைச் சொல்லும்."

"கோவிக்கப்படாது. அந்த எரிபொருள் கணக்கு வந்தால் நான் பக்கத்தைத் தட்டித் தட்டிப் போனனான்."

"கணக்கில்லாமல் கப்பல் என்னெண்டு போறது, காணும்?"

"ஆறாவதை இழுவை எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள். எனக்குப் பத்திலயும் நல்லது அதுதான்."

"ஆறாவதோ!" அவர் குரல் வளவெல்லாம் கேட்டது. "அதில ஒண்டுமே நடக்கேல்லையே! ஒரு டொக்டர் பொம்பிளை தனியக் கிரகத்தில இருந்து மரம் வளர்க்கிறாள்..."

"அங்கதான் எல்லாம் நடக்குது. ஆறுதலாக் கேளுங்கோ, சொல்லுறன்."

வெளியே ஐப்பசி மழை துளித்துளியாக மணலில் விழத் தொடங்கியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய இரண்டு சாரமும் அவளுடைய சேலையும் பொட்டுப் பொட்டாக நனைந்து, பிறகு முழுதாக நிறம் மாறின. ஒருவரும் எழுந்து போய் எடுக்கவில்லை.