பெல்வார்ட் கல்லறைத் தோட்டத்தின் ஒரே பிரபலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கல்லறைகளில் உறங்கும் பிரபலங்களைப் பற்றி ஒரு கையேடு உண்டு. கவுண்டி (இங்கே மாவட்டத்துக்கு அதுதான் பெயர்) வாரியாகப் பெயர், பிறப்பு, இறப்பு, செய்த காரியம், எந்த வரிசை, எத்தனையாவது கல். பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அது என் கையில் சிக்கியது. வேறு யாராவது என்றால் ஆளுநர்களைத் தேடியிருப்பார்கள், போர்வீரர்களைத் தேடியிருப்பார்கள். நான் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். பிறகு, பதினேழு வருடமாக இங்கே தானியக் கிடங்குகளுக்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிற ஒருவன் இதில் இடம்பிடிக்க என்ன தகுதி வேண்டும் என்று யோசித்தேன். இரண்டுதான். பிரபலமாக வேண்டும், சாக வேண்டும். இரண்டையுமே தள்ளிப்போட்டு வருகிறேன்.

எங்கள் ஊர் பெல்வார்ட்டுக்கு அதில் ஒரே ஒரு பெயர்: ஆர்னோ டெஷ், பேஸ்பால் பந்து வீச்சாளர். அந்தப் பெயரைக் கையேட்டுக்கு அனுப்பியவர் எல்டன் க்ரூஷ்கா. கதை அவருடையது. நான் கூடுமானவரை ஒதுங்கி நிற்கிறேன். (நிற்கமாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "காலையில் கண் விழித்த எல்டனுக்கு—"

வேண்டாம். என் கதைகளில் எல்லோரும் காலையில்தான் கண் விழிக்கிறார்கள். உங்கள் ஆட்கள் பகலில் ஏதாவது செய்வார்களா என்று ஒரு விமர்சகர் கேட்டாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "மரணம் ஒரு தபால்காரனைப் போல ஒவ்வொரு வாசலாக—"

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எல்டன் உண்மையிலேயே தபால்காரராக இருந்தவர் என்பது நினைவுக்கு வந்தது. அவர் யாரையும் கொன்றதில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நேராகவே சொல்லிவிடுகிறேன். எல்டனுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடம் பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோனார். ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருடமாக, எங்கள் கவுண்டியின் இறந்த பிரபலங்களைத் தேடிக் கையேட்டுக் குழுவுக்கு அனுப்புவது அவர்தான். சம்பளம் கிடையாது. ஆனால் விதி உண்டு: கவுண்டிக்கு வெளியே அச்சாகிற செய்தித்தாளில் இரண்டு முறையாவது பெயர் வந்திருக்க வேண்டும். பெல்வார்ட்டின் நானூற்றுப் பன்னிரண்டு கல்லறைகளில் இருவர்தான் தேறினார்கள். ஒருவர் குதிரை திருடியவர். குழு அவரை ஏற்கவில்லை.

மிஞ்சியவர் ஆர்னோ டெஷ். 1924இல் பெரிய லீக்கில் ஒரே ஒரு பருவம் பந்து வீசியவர். அரைகுறைப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களின் கல்லறைகளைத் தேடிப் போவதையே விரதமாகக் கொண்ட ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். கல்லின் மேல் ஒரு பந்தை வைப்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள், பிறகு டார்லாவின் உணவகத்துக்குப் போய் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவார்கள்.*

*சில்லிக்கு இனிப்பு ரொட்டியா என்று கேட்காதீர்கள். இங்கே அப்படித்தான்.

எல்டன் எழுதிய குறிப்பில் ஒரு வரி அவருக்கு மிகவும் பிடித்தமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்கு வருடம், ஆர்னோவுக்குத் தபால் கொடுத்தவர் அவரே. பெட்டியை நோக்கி நீளும் வலது கையில் எப்போதும் கையுறை இருந்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே எழுதினார்: "முதுமையிலும், கடுங்கோடையிலும்கூட, பந்து வீசிய கையைக் கையுறைக்குள் வைத்துக் காத்தார்."

நல்ல வரி. நான் எழுதியிருக்க வேண்டியது.

3

மே மாதக் கடைசியில், இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு, எல்டன் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரே காபி டப்பாக்களில் பியோனிப் பூக்களை வைத்துவிட்டுப் போன நேரம். ஆறாவது வரிசையில் ஒரு மூதாட்டி வாக்கரைப் பிடித்தபடி குனிந்து, ஆர்னோ டெஷின் கல்லிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீவனச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்டன் ஓடினார்.

"அம்மா, அதத் தொடாதீங்க! ரசிகருங்க வெச்சது."

"யாரோட ரசிகருங்க?"

"ஆர்னோ டெஷோட."

"எங்கப்பாவுக்கு ரசிகருங்களா?" அவர் நிமிர்ந்தார். "சர்ச்சில காணிக்கைத் தட்டு எடுத்துட்டுப் போறதுக்கே கை நடுங்குன மனுஷன்ப்பா அவரு."

அவர் வெர்னீஸ் டெஷ். எண்பத்தாறு வயது. ஐம்பது வருடம் டென்வரில் நர்ஸாக இருந்து, அங்கேயே தனியாக மூப்படைந்து, அந்த வசந்தத்தில்தான் பெல்வார்ட் முதியோர் இல்லத்துக்குத் திரும்பியிருந்தார்.

எல்டன் தன் பெயரையும், நான்கு வருடம் ஆர்னோவுக்குத் தபால் கொடுத்ததையும் சொல்லி, கையேட்டைக் காட்டினார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிரதி இருக்கும். வெர்னீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எங்கப்பாவோட பெரியப்பா பையன். எனக்குப் பெரியப்பா முறை. அவங்க தாத்தா பேரையே ரெண்டு பேருக்கும் வெச்சிட்டாங்க. அவரு ஓரிகனுக்குப் போயி அங்கயே செத்தாரு. அங்கதான் பொதைச்சாங்க."

"ஆனா அந்தக் கையுறை—"

"அப்பாவுக்குச் சோளம் பறிக்கிற மெஷின்ல மாட்டி மூணு வெரல் போயிடுச்சு, 1938ல. எல்லாரும் பாக்குறாங்கன்னு கூச்சம். அதான் கையுறை." கையேட்டை அவரிடம் நீட்டினார். "நாலு வருஷம் அந்தக் கையில தபால் குடுத்திருக்க. கையுறையில மூணு வெரல் வெறுமனே தொவண்டு கெடந்தது உனக்குத் தெரியலையா, எல்டன்?"

எல்டனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. தெரியவில்லை. அவர் கையைப் பார்த்திருக்கிறார், புகழைப் பார்த்திருக்கிறார், விரல்களைப் பார்க்கவில்லை.

4

இந்த இடத்தில் என் திருட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் வெர்னீஸை வேறு மாதிரி எழுதியிருந்தேன். தந்தைக்குக் கிடைத்த பொய்ப் புகழில் மகிழ்ந்துபோகிறார், எல்டன் உண்மையை மறைத்துவிடுகிறார், கண்ணீர். நான்கு பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு எதுவும் அவ்வளவு சுலபமாக வந்தால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

நடந்தது வேறு. இருவரும் டார்லாவின் உணவகத்துக்கு வந்தார்கள். நான் அடுத்த மேசையில் இருந்தேன். (ஒதுங்கி நிற்கமாட்டேன் என்றேன் அல்லவா.)

விஷயம் தெரிந்ததும் டார்லா காபிக் குடுவையோடு நின்றுவிட்டாள்.

"யோவ் எல்டன், வாய மூடிட்டு இரு. இந்த ஊருக்கு வழி தப்பாம வர்றவங்க அந்தப் பந்துக்காரங்க மட்டும்தான்."

"தப்புன்னு தெரிஞ்ச பின்னாடி எப்படி விடுறது டார்லா? ஆர்னோ பேர எடுத்துட வேண்டியதுதான்."

"எடுக்கச் சொன்னேனா?" என்றார் வெர்னீஸ்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பந்து வீசுனாருங்கறத எடு. எங்கப்பா பேரு இருக்கட்டும். அவரு செஞ்சத எழுது."

எல்டன் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. என்ன செஞ்சாரு?"

வெர்னீஸ் ரொட்டியைப் பிய்த்தார். சில்லியில் தோய்த்தார். யோசித்தார்.

"இருபது வருஷம் பள்ளிக்கூடக் குழுவுல இருந்தாரு."

"ஏதாவது பேசினாரா?"

"இல்ல." மறுபடி யோசித்தார். "ஒரு தடவ பன்னிக்குப் பரிசு வாங்குனாரு."

"மாநிலச் சந்தையிலயா?"

"கவுண்டிச் சந்தை. மூணாம் பரிசு."

டார்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்டன் மூன்றாம் பரிசு என்று எழுதிக்கொண்டார். எந்த விதியிலும் அது தேறாது என்பது அவருக்குத் தெரியும்.

வெர்னீஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஏழு வயசு. அம்மாவக் காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு முடி இடுப்புக்குக் கீழ வரும். பாத்துக்க ஆளில்ல, வெட்டிடுன்னு அத்தை கத்திரியோட வந்தாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் வெட்டாதீங்கன்னு அம்மா எழுதியிருந்தாங்க. அப்பா அத்தைகிட்டருந்து கத்திரிய வாங்கி மேல பரண்ல போட்டுட்டாரு."

"அப்புறம்?"

"தொழுவத்துக்குப் போயி எங்க பெட்டைக் குதிரையோட வாலப் பின்னிப் பழகுனாரு. ஏழு வெரலால. நான் கதவிடுக்கு வழியா பாத்தேன். மொத நாளு எனக்குப் பின்னி முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சிடுச்சு. மாட்டுக்குப் போடுற கயிறு மாதிரி இருக்குன்னு பசங்க சிரிச்சாங்க. நான் வந்து அவருகிட்ட சொல்லல. பனி விழ ஆரம்பிச்சப்போ அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவாரு. ரெண்டு வருஷம். ஒரு நாள்கூட விடல."

எல்டன் எழுதவில்லை.

"எந்தப் பேப்பர்லயும் வரல" என்றார் வெர்னீஸ். "உன் விதிக்கு ஆகாது. தெரியும்."

5

எல்டன் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று, பந்து வீச்சாளர் ஆர்னோவை நீக்கச் சொல்லி. மற்றது, விவசாயி ஆர்னோவைச் சேர்க்கச் சொல்லி. மூன்று வாரம் கழித்துக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இவர எந்தப் பிரிவுல போடுறது சார்? அரசியல், ராணுவம், விளையாட்டு, கலை, தொழில்னு அஞ்சுதான் இருக்கு."

"மற்றவைன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துச்சு. எல்லாரும் அதுலயே ஆள் அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. எடுத்துட்டோம்."

"அப்ப ஒரு ஆறாவது—"

"சார், ரெண்டு தடவையாவது பேப்பர்ல வந்திருக்கணும்னு நீங்க வெச்ச விதியத்தான் நாங்க மாநிலம் பூரா பின்பத்துறோம்."

எல்டன் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். (எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு?" என்றார்.)

புதிய பதிப்பில் பெல்வார்ட் என்ற ஊரே இல்லை. டார்லா இரண்டு வாரம் அவருக்குக் காபி மட்டும் கொடுத்தாள். பேச்சும் இல்லை, ரொட்டியும் இல்லை. சாக்கிலிருந்த நாற்பத்தாறு பந்துகளையும் எல்டன் பெட்டியில் அடுக்கி, ஓரிகனில் அந்த இன்னொரு ஆர்னோ கிடக்கும் கல்லறைத் தோட்டத்தின் காவலருக்குத் தபாலில் அனுப்பினார்.

பிறகு சர்ச்சின் நகலெடுக்கும் இயந்திரத்தில் தானே ஒரு தாளைப் பல பிரதிகள் எடுத்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு தபால்பெட்டியை நட்டு அதில் வைத்தார். "ஆர்னோ டெஷ், 1901–1979, ஆறாம் வரிசை. விவசாயி. மூன்று விரல்களை இழந்தவர். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வருடமும் மகளுக்குத் தினமும் தலை பின்னினார். நேர்த்தியாகப் பின்னினார்."

வெர்னீஸ் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். 'நேர்த்தியாக' என்பதை அடித்துவிட்டு 'சுமாராக' என்று எழுதினார். எல்டன் எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்தார்.

6

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் நான் இந்நேரம் நல்ல எழுத்தாளன்.

போன வியாழக்கிழமை இரண்டு முடிவுகளோடு வெர்னீஸைப் பார்க்கப் போனேன். (அ) வெளியூர் ரசிகர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, பந்துக்குப் பதில் கல்லின் மேல் ஒரு ரிப்பன் வைக்கிறார்.

"பந்து பாக்க வர்றவன் எதுக்குத் தம்பி ரிப்பனோட சுத்துறான்?"

(ஆ) அடுத்த பதிப்பில் ஆறாவது பிரிவு ஒன்று வருகிறது. முதல் பெயர் ஆர்னோ.

"எங்கப்பா கூச்சத்துல கல்லறையிலருந்து எந்திரிச்சுப் போயிடுவாரு."

"அப்ப நீங்களே சொல்லுங்க. எப்படி முடிக்கிறது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா திரும்பி வந்தாங்க, தெரியுமா? எனக்கு ஒம்பது வயசு. வந்த மறுநாள் காலையில சீப்ப எடுத்துட்டு, வா கண்ணுன்னாங்க. முடிய வெட்டாம வெச்சிருந்ததே அவங்களுக்காகத்தான். நான் ஓடிப்போயி அப்பா முன்னாடி உக்காந்துட்டேன். அம்மா போகட்டும்னுட்டு, அதே சீப்பால அவங்க தலையவே வாரிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் என்னக் கூப்பிடவே இல்ல." என்னிடம் திரும்பினார். "நீ கதைதான எழுதுற? அந்த ஒரு காலையில என்ன அம்மா முன்னாடி உக்கார வையேன்."

அங்கேயே நோட்டைத் திறந்து எழுதினேன்:

ஒன்பது வயது வெர்னீஸ் ஓடவில்லை. வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். அம்மா சீப்பை எடுத்து, நெற்றியிலிருந்து மெல்ல—

அவர் வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இது நடக்கல" என்றார்.

"அடிச்சிடவா?"

சாப்பாட்டு மணி அடித்தது. வாக்கரைப் பிடித்து எழுந்தார். "சாப்பிட்டு வந்து சொல்றேன்."

வந்தார். மழையைப் பற்றிப் பேசினார், டார்லாவைப் பற்றிப் பேசினார். அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாக்கியம் அப்படியே பாதியில் நிற்கிறது. நீங்கள் அடித்துவிடலாம், முடித்தும் வைக்கலாம். முடிப்பதாக இருந்தால் மட்டும், கொஞ்சம் மெதுவாக வாருங்கள். ரொம்ப நீளமான முடி.