ஜெராட் குடித்த மரியாதை

நத்தார் பண்டிகைக்கு இரண்டு கிளாஸ் வைன் குடித்தாலே ஜெராட்டுக்குக் கண் சொருகிவிடும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில், ஜப்பானியச் சாப்பாட்டுச் சாமான்கள் இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். டோக்கியோவிலிருந்து வந்த புதிய மேலாளர் மொரிக்காவா, வியாழக்கிழமை வேலை முடிய எல்லாரையும் குடிக்க அழைத்தபோது, ஜெராட் மூன்று நாள் யூடியூப் பார்த்துத் தயாரானார். தன் கிண்ணத்தைத் தானே நிரப்பக் கூடாது. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்த வேண்டும்.

"எல்லாம் மரியாதைதான். எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லியே தரவேணும்?" என்று மனைவி றஜீனாவிடம் பெருமையடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

போதுமென்றால் கிண்ணத்தை நிறைய வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் பார்க்கத் தவறிவிட்டார். ஊற்றியதை மிச்சம் விடக் கூடாதென்று வளர்ந்த ஜெராட், வந்த சாக்கே என்னும் அரிசி மதுவையெல்லாம் குடித்து முடித்தார். விருந்தாளியின் கிண்ணம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று வளர்ந்த மொரிக்காவா நிரப்பிக்கொண்டே இருந்தார்.

ஏழு மணிக்கு ஜெராட் மேலாளரின் தோளில் கை போட்டு "அண்ணை" என்றார். சனிக்கிழமை ஷிப்டைப் போட்டவன் மடையன் என்றார். அதனால் இந்த சீசனில் மகனுடைய புட்போல் மட்ச் ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று அழுதார். அந்த ஷிப்டைப் போட்டவரே மொரிக்காவாதான். கூட வேலை செய்யும் அனோஜினி ஜெராட்டைக் காரில் ஏற்றி, மோர்டனில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

விடிந்ததும் கண்ணாடி முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டுப் பழகினார். குனியக் குனிய வாந்திதான் வந்தது.

"அந்தாளுக்கும் வெறிதானே, மறந்திருக்கும்," என்று தேற்றினாள் றஜீனா.

வேலைக்குப் போனதும் அந்த நம்பிக்கையை அனோஜினி உடைத்தாள். "அண்ணை, அவருக்குக் குடி ஒத்துவராது. நேற்று முழுக்கத் தேத்தண்ணிதான் குடிச்சவர். நீங்கள் கவனிக்கேல்லையே?"

அவருக்குத் துணையாகத்தானே இவ்வளவும் குடித்தேன் என்று நினைக்க ஜெராட்டுக்குத் தலை இன்னும் கூட இடித்தது. மேலாளரின் அறைக்குள் போய், இடுப்பு மடங்கக் குனிந்தார்.

மொரிக்காவா எழுந்து, அவரைவிடத் தாழக் குனிந்தார். "ஜெராட் சான், நேற்று நான் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டேன். ஒன்றுமே ஞாபகமில்லை. ஏதும் பிழையாக நடந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவருடைய முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஜெராட் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிற்று.

"இல்லை சேர், நீங்கள் நல்ல மாதிரித்தான் இருந்தனீங்கள்," என்று மேலாளருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை புதிய ஷிப்ட் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. இனி ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வேலை. ஏன் மாறியது என்று யாரும் கேட்கவில்லை, மொரிக்காவாவும் சொல்லவில்லை.

"அண்ணை," என்றாள் அனோஜினி, "அடுத்த முறை குடிக்கேக்க, ஸ்டோரில ஹீற்றர் வேலை செய்யாததுக்கும் ஒருக்கால் அழுங்கோ."

ஓம் என்று சொல்ல ஜெராட்டுக்கு ஆசைதான். சாக்கேயை நினைத்ததும் வயிறு விடவில்லை.